அலமாரியில் ஒரு நீள நோட்டு

சென்ற இதழில் ஒரு பதிலின் கடைசியில், ‘வீட்டு விவரம் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி வையுங்கள், அவசரத்துக்கு உதவும்’ என்று எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 31 வருடம் வங்கியில் வேலை பார்த்தவள் என்பதால் எனக்குப் பழக்கமான பக்கம் கொஞ்சம் நீளமாகவே போகும்.

என் கணவருக்கு 58 வயது. வங்கிக் கணக்கு, இன்ஷூரன்ஸ், நிலப் பத்திரம் எல்லாம் அவர் கையில். எது எங்கே இருக்கிறது என்று கேட்டாலே, ‘இப்பவே என்னை அனுப்பி வைக்கப் பார்க்கிறியா?’ என்று கோபப்படுகிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது அக்கா?
— வாசகி, மன்னார்குடி

தங்கச்சி, வங்கிக் கணக்கிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். மாத்திரையிலிருந்து ஆரம்பியுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் உங்கள் வீட்டுக்கு நேர்மாறு. பணம், பத்திரம் என் பொறுப்பு. மருந்து, டாக்டர் எல்லாம் அவர் பொறுப்பு. மாதம் ஒரு முறை தானே ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். 2017 ஐப்பசியில் ஒரு மழை இரவு, மூன்று மணி இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்தவர் என்னவோ சொன்னார். வார்த்தை குழறியது. வலது கை தொங்கிவிட்டது. 108-க்குப் போன் செய்தேன், வண்டியும் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது மூன்றே கேள்வி. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? அதில் ரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்டா?

முதல் கேள்விக்குப் பதில் தெரியும், பதினொன்றரைக்குப் படுக்கும்போது பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த இரண்டுக்கும் தெரியவில்லை. ‘காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, ராத்திரி பாதி மஞ்சள் மாத்திரை’ என்றேன். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது. பாதிப்பு தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஏற்கெனவே ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர் என்றால் அந்த ஊசியால் மூளையில் ரத்தம் கசியலாம். அதனால்தான் அவர்கள் அப்படித் துருவித் துருவிக் கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் பையன் எங்கள் வீட்டைத் திறந்து தேடி, கடைசியில் ஸ்கூட்டர் பெட்டியில் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்தான். 40 நிமிடம் போய்விட்டது. அவர் இன்று கைத்தடி வைத்து நடக்கிறார். அந்த 40 நிமிடத்தால்தான் இப்படி ஆனது என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நேரம் முழுக்க நான் உட்கார்ந்திருந்த நாற்காலி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் நோட்டின் முதல் பக்கம் உடம்புக்கு. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: வயது, ரத்த வகை, மாத்திரையின் பெயர், அட்டையில் போட்டிருக்கிற மி.கி. அளவு, எந்த வேளை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்த வருடம் என்ன ஆபரேஷன், பார்க்கும் டாக்டர் யார், காப்பீட்டு அட்டை எண். இதைக் கேட்டால் யாரும் அபசகுனம் என்று சொல்ல மாட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் தானே உட்கார்ந்து எழுதித் தருவார், பாருங்கள். எழுதியதைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை மாறினால் அன்றைக்கே அடித்து எழுதுங்கள்.

அடுத்த வாரம் இரண்டாம் பக்கம். மின் இணைப்பு எண், கேஸ் எண், வீட்டு வரி எண், குடும்ப அட்டை எண். இதற்கும் கோபம் வராது. மூன்றாம் பக்கம் போன் நம்பர். உங்கள் ஊர்க்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது கரண்டும் சிக்னலும் இல்லாமல் எத்தனை நாள் இருந்தீர்கள்! சார்ஜ் போன போனுக்குள் இருக்கும் நம்பர் யாருக்கும் உதவாது. பேனாவால் எழுதிய பத்து நம்பர் வேண்டும்.

இதற்குள் மூன்று வாரம் ஓடியிருக்கும், நோட்டு வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிடும். அப்புறம் வங்கிப் பக்கம். அதற்கு முன்னால் உங்களுடையதை எழுதுங்கள்: மகளிர் குழுச் சேமிப்பு, உங்கள் பேரில் இருக்கும் அஞ்சலகக் கணக்கு, கொடுத்து வைத்த நகை. எழுதி அவரிடம் காட்டுங்கள். ‘எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்’ என்று பேசாமல், ‘நீங்க நாலு நாள் வெளியூர் போனா நான் யாரைக் கேப்பேன்?’ என்று கேளுங்கள். அதற்கும் அவர் மசியவில்லை என்றால் உங்கள் வீட்டு மொய் நோட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வையுங்கள். யார் எத்தனை ரூபாய் செய்தார்கள் என்று இருபது முப்பது வருடக் கணக்கைக் கரையான் அரிக்காமல் காப்பாற்றுகிறோமே, அதில் என்ன அபசகுனம்?

வங்கிப் பக்கத்தில் எந்த வங்கி, எந்தக் கிளை, யார் பேரில், நாமினி யார், பாஸ்புக் எங்கே என்று இருந்தால் போதும். கணக்கு எண்ணை முழுதாகவே எழுதலாம், அது செக்கிலேயே அச்சாகியிருப்பதுதான். பின் நம்பர், பாஸ்வேர்டு மட்டும் அந்த நோட்டில் வேண்டாம்.

என் கணவரின் எல்லாக் கணக்குக்கும் நான்தான் நாமினி. அப்படியிருக்க இந்த ஏற்பாடெல்லாம் எதற்கு?
— வாசகி, சேலம்

அம்மா, நாமினி என்ற சொல்லுக்கு உயிர் வருவதே கணக்குக்காரர் இறந்த பிறகுதான். அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் இருக்கும்போது நாமினியால் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ‘நாமினி நான்தானே சார், ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டும்’ என்று அழுதவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். பவர் பத்திரம் இருக்கிறதே என்பார்கள் சிலர். கொடுத்தவர் சுயநினைவு இழந்தால் பவர் பத்திரமும் செல்லாமல் போய்விடும், சட்டம் அப்படி.

அவசரத்துக்கு உதவுவது கூட்டுக் கணக்குதான். அதிலும் ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் இருக்க வேண்டும். ‘இருவரும் சேர்ந்து’ என்று போட்டிருந்தால் ஒருவர் படுத்துவிட்டால் கணக்கும் படுத்துவிடும். பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்கள், அதில் அச்சிட்டிருக்கும். மூன்று மாத வீட்டுச் செலவும் ஆஸ்பத்திரி முன்பணமும் அப்படிப்பட்ட ஒரு கணக்கில் இருக்கட்டும்.

இன்னொன்று. நினைவு இருக்கிறது, ஆனால் கையெழுத்துப் போட முடியவில்லை என்றால் கைநாட்டு வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதியில் இடம் உண்டு. இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். கிளைக்குச் சொன்னால் அதிகாரி ஆஸ்பத்திரிக்கே வருவார். நானே போயிருக்கிறேன். தயங்காமல் கேளுங்கள்.

நாமினி என்றால் சொத்துக்குச் சொந்தக்காரர் என்றும் நினைக்காதீர்கள். வங்கியிலிருந்து பணத்தை வாங்கும் உரிமை நாமினிக்கு. அதில் பங்கு கேட்கும் உரிமை எல்லா வாரிசுகளுக்கும் உண்டு. உச்ச நீதிமன்றம் 1984-லேயே ஓர் இன்ஷூரன்ஸ் வழக்கில் நாமினிக்கு அவ்வளவுதான் உரிமை என்று சொல்லிவிட்டது. 2015-க்குப் பிறகு இன்ஷூரன்ஸில் மட்டும், பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். வங்கி வைப்புகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினி போடலாம்.

நாமினி பெயரை ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் இறந்துபோன அம்மா பெயர் அப்படியே இருக்கும். என் கிளையில் இது வாரம் ஒன்றாவது வரும்.

2015 வெள்ளத்தில் எங்கள் வீட்டில் கழுத்தளவு தண்ணீர். பத்திரம், சான்றிதழ் எல்லாம் கூழாகிவிட்டன. இப்போது எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். போதுமா மேடம்?
— வாசகர், தாம்பரம்

போன் அதே வெள்ளத்தில் போனால்? போன் பிழைத்து, பூட்டைத் திறக்க உங்கள் விரல் வேண்டும் என்றால்? படம் நல்லதுதான். அது ஒன்றை மட்டுமே நம்ப வேண்டாம்.

அந்த டிசம்பரில் தொலைந்த ஆவணங்களுக்கு நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. எங்கள் கடலூரிலும் நடந்தது. வரிசையில் நின்ற சிலருக்கு வேலை சீக்கிரம் முடிந்தது, சிலர் திரும்பத் திரும்ப அலைந்தார்கள். எண் தெரிந்தவர், தெரியாதவர் என்பதுதான் வித்தியாசம். காகிதம் போனாலும் எண் இருந்தால் மீட்கலாம். வீட்டுப் பத்திரத்துக்கு மூன்று விவரம் போதும்: ஆவண எண், பதிவான ஆண்டு, சார் பதிவாளர் அலுவலகம். இதை வைத்து அந்த அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். கூடவே பட்டா எண், சர்வே எண். இந்த ஒரு பக்கத்தை நகல் எடுத்து வேறு ஊரில் இருக்கும் அக்கா, தங்கை வீட்டில் கொடுத்து வையுங்கள். அதே தெருவில் இருக்கும் சித்தப்பா வீடு சரிவராது, அங்கேயும் தண்ணீர் வரும்.

ஆதார், ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்.சி. இவற்றை டிஜிலாக்கர் என்ற அரசுச் செயலியில் சேர்த்து வையுங்கள். அதில் இரண்டு வகை உண்டு. நீங்களே படம் எடுத்து ஏற்றியது வெறும் படம்தான். அந்தந்தத் துறையிலிருந்து நேராக வரவழைத்ததுதான் அசலுக்குச் சமம்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பத்திரத்தின் மேல் பிளாஸ்டிக்கை ஒட்டிவிட்டால் முத்திரையைத் தடவிப் பார்க்கவோ, பின்னால் எதையாவது எழுதவோ முடியாது. ஜிப் வைத்த கெட்டியான பிளாஸ்டிக் உறை வாங்கி, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். தண்ணீர் ஏறும்போது ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் பையும்தான் தூக்க முடியும்.

அப்புறம், வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டால் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். தீ, திருட்டு, ஊழியர் மோசடி என்றால் வருட வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு. வெள்ளம், பூகம்பம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு அது பொருந்தாது.

என் கணவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் ஒரு நோட்டீஸ் வந்தது: அவர் அடகு வைத்த நகைக்கு வட்டி கட்டவில்லை, ஏலம் விடப் போகிறோம் என்று. அடகு வைத்ததே எனக்குத் தெரியாது. இன்னும் என்னவெல்லாம் இருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகி, தேனி

அம்மா, முதலில் நாளைக் காலையே அந்த நோட்டீஸ், இறப்புச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். மேலாளரைப் பாருங்கள். எழுத்தில் ஒரு மனு கொடுங்கள்: கடன் வாங்கியவர் இறந்துவிட்டார், வாரிசுகள் மீட்க விரும்புகிறோம், ஏலத்தை நிறுத்தி அவகாசம் தர வேண்டும் என்று. முடிந்தால் வட்டியை மட்டும் கட்டி ரசீது வாங்குங்கள். இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், தாசில்தார் கொடுப்பார், நகையை மீட்க அது தேவைப்படும். ஒருவேளை ஏலம் போய்விட்டால், கடனும் செலவும் போக மிச்சம் உங்கள் குடும்பத்துக்குச் சேர வேண்டியது. கேட்டு வாங்குங்கள்.

இன்னும் என்ன இருக்கிறது என்று தேட, அவருடைய பாஸ்புக்குகளை இரண்டு வருடத்துக்கு எண்ட்ரி போட்டு வாங்கி, பென்சிலோடு உட்காருங்கள். மாதாமாதம் ஒரே தொகை போனால் கடன் அல்லது சீட்டு. வருடத்துக்கு ஒரு முறை போனால் பாலிசி. மே மாதக் கடைசியை ஒட்டி 436 ரூபாய் பிடித்திருக்கிறதா பாருங்கள். அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, எப்படி இறந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, விபத்தில் இறந்தால் இன்னொரு 2 லட்சம். கணக்கு இருக்கும் கிளையில்தான் கேட்க வேண்டும். இந்த இரண்டு வரியைக் கவனிக்காமல் விட்ட குடும்பங்கள் நிறைய. அவர் பி.எஃப். பிடிக்கும் வேலையில் இருந்திருந்தால், சேர்ந்த பணத்தோடு 7 லட்சம் வரை காப்பீட்டுத் தொகையும் உண்டு, அதையும் கேளுங்கள். பழைய, மறந்துபோன வைப்புகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023-ல் ‘உத்கம்’ என்று ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறது. பத்து வருடம் யாரும் தொடாத பணம் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போயிருந்தாலும் வாரிசுகள் கேட்டு வாங்கலாம்.

அவருடைய போன் நம்பரை நிறுத்திவிடாதீர்கள். ஒரு வருடமாவது ரீசார்ஜ் செய்து வையுங்கள். பிரீமியம் தேதி, வட்டித் தேதி எல்லாம் அதில்தான் மெசேஜாக வரும், உங்களுக்குத் தெரியாத கணக்கு அப்படித்தான் வெளியே வரும். ஆனால் அவருடைய ஏ.டி.எம். கார்டில் பணம் எடுக்க வேண்டாம். பின் நம்பர் தெரிந்தாலும், நாமினி நீங்களே ஆனாலும் அது முறையல்ல, பின்னால் பங்காளிகள் பேச்சுக்கு இடம் கொடுக்கும்.

மற்ற வாசகர்களுக்கு இதில் ஒன்று சொல்ல வேண்டும். நோட்டில் இருப்பை எழுதுகிறோம், கடனை எழுதாமல் மறைக்கிறோம். அடகுச் சீட்டு எந்தக் கடை, எந்தத் தேதி, எத்தனை பவுன். கைமாற்று யாரிடம் வாங்கியது, யாருக்குக் கொடுத்தது. புரோநோட்டு எழுதிய தேதி. புரோநோட்டுக்கு மூன்று வருடம்தான் ஆயுள், அது தாண்டினால் வழக்குப் போட முடியாது. மனைவி திட்டுவாள் என்று மறைத்த கடன்தான் அவள் தனியாக நிற்கும்போது நோட்டீஸாக வருகிறது.

அம்மாவுக்கு 74 வயது. புதுக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். நான் சிங்கப்பூரில். அம்மாவுக்கு எழுதப் படிக்கச் சிரமம். இங்கிருந்து என்ன செய்ய முடியும்?
— வாசகர், சிங்கப்பூர்

தம்பி, நோட்டு உங்கள் அம்மாவுக்காக அல்ல, அவரைத் தூக்கிக்கொண்டு ஓடப் போகிறவருக்காக. அடுத்த முறை ஊருக்கு வரும்போது பக்கத்து வீடு, எதிர் வீடு இரண்டிலும் உட்கார்ந்து பேசுங்கள். ஒரு சாவி அவர்களிடம் இருக்கட்டும். கதவின் உள்பக்கம் ஒரே ஒரு தாள் ஒட்டுங்கள், கொட்டை எழுத்தில்: அம்மாவின் பெயர், வயது, மாத்திரைகள், 108, அந்த இரண்டு வீட்டு நம்பர், 65 என்ற நாட்டு எண்ணோடு உங்கள் நம்பர், முக்கியமாக வீட்டுக்கு வரும் வழி. எந்தக் கோயில் தாண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று இரண்டு வரி. பதற்றத்தில் போன் செய்கிறவருக்குத் தன் ஊர் வழியே சொல்ல வராது.

உங்கள் பெயரும் சேர்ந்த கணக்கில் ஒரு தொகை, ஆஸ்பத்திரியில் உங்களுக்காகக் கையெழுத்துப் போட ஒரு மாமாவோ சித்தியோ, அவருக்கும் அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார் என்றால் பி.பி.ஓ. எண்ணை, அதாவது ஓய்வூதிய ஆணையின் எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கமும் மறக்க வேண்டாம். உங்கள் பாஸ்போர்ட், வேலை அனுமதி நகல், கம்பெனி முகவரி, கூட வேலை பார்க்கும் ஒருவரின் நம்பர் ஊரில் யாரிடமாவது இருக்கிறதா?

பாஸ்வேர்டை எங்கேதான் எழுதுவது?
— வாசகி, திருச்சி

போனைத் திறக்கும் எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, நோட்டு இருக்கும் அலமாரியில் அல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். உறை எங்கே என்று ஒருவருக்குத் தெரிந்தால் போதும். வங்கிப் பாஸ்வேர்டு யாருக்கும் தேவையில்லை, கிளைக்குப் போகக் கணக்கு எண் போதும்.

நான் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எக்செல் அட்டவணையாகப் போட்டிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிறேன். மனைவிக்கும் மெயிலில் அனுப்பியிருக்கிறேன். இனி என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், கோவை

அவர் அதைத் திறந்து பார்த்தாரா என்று கேட்டீர்களா? வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் திண்ணையிலோ பால்கனியிலோ போய் உட்காருங்கள், வாயைத் திறக்கக் கூடாது. ‘கார் இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது, யாருக்குப் போன் செய்ய வேண்டும், வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் காட்டு’ என்று மூன்று வேலை கொடுத்துவிட்டு, மணி பாருங்கள். எழுதியவருக்குப் புரிவது பெரிய விஷயமில்லை, நீங்கள் இல்லாத வீட்டில் இன்னொருவர் அதை வைத்து நடத்த வேண்டும். அட்டவணையை அச்சிட்டு நோட்டிலும் ஒட்டிவிடுங்கள்.

என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆறு மாதம் கழித்து எங்கள் வீட்டில் இதைச் செய்தோம். இந்த முறை தேட வேண்டியவர் அவர், நான் வாசலில் உட்கார்ந்தேன். பேச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது. இருபத்தைந்து நிமிடம் கழித்து, ‘பெட்டகச் சாவி எந்த அலமாரியில்னு எழுதியிருக்கே, அந்த அலமாரிச் சாவி எங்கே?’ என்று உள்ளேயிருந்து கேட்டார். நான் எழுதவே இல்லை. சொன்னேன். பென்சிலை எடுத்து, இடது கையால் அந்த வரியை அவரே எழுதிச் சேர்த்தார்.